அடைக்கலத்தின் கிலோமீட்டர்

வெள்ளியனேந்தல் தாலுகா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரைப் பூட்டினார்கள். பங்குனி மாதம், வியாழக்கிழமை, உச்சி வெயில். பூட்டியவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, மேலிடத்து உத்தரவு. அறுவை டாக்டருக்கு மாற்றல் வந்துவிட்டது, மயக்க மருந்து டாக்டர் மேல்படிப்புக்குப் போய்விட்டார், பதில் ஆள் வரும்வரைக்கும் வயிற்றைக் கிழிக்கிற அவசரமெல்லாம் பெரியாஸ்பத்திரிக்குப் போகட்டும், என்ன பெரிய தூரம், நாற்பத்தாறு கிலோமீட்டர், நல்ல தார் ரோடு, வாசலிலேயே ஆம்புலன்ஸ் நிற்கிறது, ஏறி உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் என்று கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள். கதவுக்கு மேலே எரிந்துகொண்டிருந்த சிவப்பு பல்பை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். கொசுப்புகை அடிக்கிற மிஷினையும் கால் உடைந்த கட்டில்களையும் கொண்டுவந்து உள்ளே அடைத்தார்கள். ஊரும் சரி போகட்டும் என்று விட்டுவிட்டது. ஊருக்கு அன்றைக்கு வயிறு வலிக்கவில்லை.

சித்திரையில் டெய்லர் காதர் மொய்தீனுக்கு வலித்தது. குடல்வால் வெடித்து, பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பதினேழாம் கிலோமீட்டர் கல்லைத் தாண்டினதும் வண்டிக்குள்ளேயே உயிர் போய்விட்டது. வண்டி ஓட்டியவன் சவரிமுத்து. பின்னால் உட்கார்ந்து காதர் பாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நர்ஸ் முத்துராக்கு. மறுநாள் காலையில் இவர்கள் இருவரும் ஒரு நாய்க்கடிக்காரரை ஏற்றிக்கொண்டு அதே ரோட்டில் போனபோது, பதினேழாம் கல்லுக்கு அப்புறம் நம்பர் இல்லாத ஒரு வெள்ளைக் கல் நின்றது. பதினேழுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவே நேற்றுவரை இல்லாத ஒரு கிலோமீட்டர் ரோடு வந்திருந்தது, அதற்கு அப்புறம்தான் பதினெட்டாம் கல் வந்தது. சவரிமுத்து வண்டியை நிறுத்திக் கண்ணைக் கசக்கினான். ராக்கு இறங்கிப் பார்த்தாள். காதர் பாய் சாக்கட்டியால் துணியில் கோடு இழுத்த மாதிரி ரோடு ஒரு நெளிசல் இல்லாமல் கிடந்தது, ஓரத்து மண்கூட மடித்துத் தைத்தது போல ஒழுங்காக இருந்தது, சுற்றுவட்டாரம் முழுக்க மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்தில் ஒரு முள் அங்கே இல்லை. "என்னண்ணே, வண்டி நின்னுருச்சு, எனக்கு ஊசி போடணும்ல" என்று நாய்க்கடிக்காரர் சத்தம் போட்டதும் ஏறிப் போய்விட்டார்கள்.

ரோட்டுக்காரர்கள் வந்தார்கள். உருட்டி அளக்கிற சக்கரத்தை மூன்று தடவை உருட்டினார்கள். கோடை வெயிலில் தார் இளகி நீண்டிருக்கலாம் என்று ஃபைலில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கல்லுக்கு என்ன நம்பர் எழுதுவது என்று தெரியாமல் பெயிண்ட் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள். காதர் பாயின் மனைவி ஜொகரா பீவிதான் அந்தப் பெயிண்டை எடுத்துக் கல்லில் அவர் பெயரை எழுதினாள். அன்றிலிருந்து அதுவே முறையாகிப் போனது. பதினாறு, பதினேழு, காதர் மொய்தீன், பதினெட்டு என்று பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்ல ஆரம்பித்தார்.

ஆடியில் சவரிமுத்துவின் மனைவி அடைக்கலத்துக்கு வலித்தது.

இந்த அடைக்கலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புருஷன் பதினோரு வருஷமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான், தினமும் காலையில் அவன் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பும்போது அவள் சொல்கிற பேச்சு ஒன்றே ஒன்றுதான், "மெல்லப் போங்க." ஆம்புலன்ஸை மெல்ல ஓட்டச் சொல்கிற பொம்பளை உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். "மெல்லப் போனா உள்ள இருக்கறவுக செத்துருவாகடி" என்பான். "வேகமாப் போயி அலுங்கினாலும் சாவாக, மெல்லப் போங்க" என்பாள். சிரித்துக்கொண்டே போய் எண்பதிலும் தொண்ணூறிலும் ஓட்டிவிட்டு வருவான். அவள் சுக்குக் காப்பி போட்டு வைத்திருப்பாள். அவளுக்கு எல்லா நோய்க்கும் சுக்குதான். அன்றைக்கும் காலையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வாய்வுதான், சுக்கு தட்டிப் போட்டுக் குடிச்சாச் சரியாயிரும்" என்று நாலு தடவை குடித்தாள். வாய்வு இல்லை. குடல் முறுக்கிக்கொண்டு உள்ளே கறுத்துப்போயிருந்தது. மத்தியானம் மூன்றேமுக்காலுக்கு அவளே தன் காலால் நடந்துவந்து அவன் வண்டியில் ஏறிப் படுத்தாள். தியேட்டர் இருந்திருந்தால் அவள் நடந்த தூரத்திலேயே கதவு. அந்தக் கதவைத் தாண்டித்தான் அவள் வண்டிக்கு வந்தாள்.

ஒன்பதாம் கல் வந்தபோது பின்னாலிருந்து, "மெல்லப் போங்க, அலுங்குது" என்றாள். சவரிமுத்து காது கொடுக்கவில்லை. நூற்றுப்பத்தில் மிதித்தான். பத்தாம் கல் வருவதற்குள் ராக்கு, "அண்ணே, இனிமே மெல்லவே போங்க" என்றாள்.

மறுநாள் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே வெள்ளைக் கல் நின்றது.

அடைக்கலத்தின் கிலோமீட்டரில் எந்நேரம் போனாலும் சாயங்காலம் நாலு மணி வெயில்தான் அடிக்கும். சுக்கு வாசம் வரும். இரண்டு பக்கமும் வேம்பு நின்றது, அடியில் கூட்டிப் பெருக்கின மாதிரி தரை. ஆனால் அங்கே எந்த வண்டியும் முப்பதுக்கு மேல் போகாது. பஸ்ஸோ லாரியோ கலெக்டர் காரோ, எவ்வளவு மிதித்தாலும் முள் முப்பதில் நிற்கும். மாமூலாக வருகிற டிரைவர்கள் இரண்டு நாள் திட்டினார்கள், மூன்றாம் நாள் அந்த இடத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெற்றிலை போடப் பழகிவிட்டார்கள். சவரிமுத்து தினமும் மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு அங்கே போவான். கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான். மகள் ஜெசிந்தாவுக்கு மாப்பிள்ளை பார்த்ததை அங்கேதான் சொன்னான், கல்யாணத்துக்குப் புடவை எடுத்ததை அங்கேதான் விரித்துக் காட்டினான், அவள் உண்டானதையும் அங்கேதான் சொன்னான். "அன்னைக்கு மெல்லப் போயிருந்தா நீ இருந்திருப்பியா?" என்று தினமும் ஒரு தடவை கேட்பான். வேம்பு அசையும். அவ்வளவுதான், ஆனால் மறுநாளும் கேட்பான்.

அப்புறம் வரிசையாகப் போனார்கள். எட்மாஸ்டர் ஆதிமூலம் மூன்றாவது ஆள். அவர் கிலோமீட்டரில் புளியமரங்கள் பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி உயர வாரியாக நின்றன. மோர் விற்கிற கருப்பாயி போன பிறகு அவள் கிலோமீட்டரில் எந்தக் கோடையிலும் ரோட்டோரக் குழாயில் தண்ணீர் வற்றவில்லை. மூன்றரை வருஷத்தில் பதினேழு பேர், பதினேழு கிலோமீட்டர். நாற்பத்தாறு அறுபத்துமூன்று ஆனது.

ஊர் இதற்கு எப்படிப் பழகியது என்று கேட்டால், பழகாதது எது, சொல்லுங்கள். முதல் வருஷம் அழுதார்கள். இரண்டாம் வருஷம் கல்லுக்கு மஞ்சள் பூசி மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள், பாய்மார் யாசீன் ஓதினார்கள், கோவிலார் சர்ச்சார் என்று வித்தியாசமில்லாமல் கிலோமீட்டர்களில் பொங்கல் வைத்தார்கள். மூன்றாம் வருஷம் அது பெருமையாகிவிட்டது. ரோட்டில் கல் இருக்கிற குடும்பத்துக்குக் "கல்லு வீட்டுக்காரக" என்று பெயர் வந்தது. கல்யாணப் பேச்சில், "பொண்ணு எந்தக் கல்லு வீடு?" என்று கேட்டார்கள். பஸ்ஸில் கல்லு வீட்டுக்காரர்களுக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தார்கள். டீக்கடை மாயழகு, "எங்கய்யா தொண்ணூத்தி ரெண்டு வயசுல கட்டில்ல படுத்துத் தூக்கத்துலயே போயிட்டாரு, என்ன பிரயோசனம், ஒரு முழம் ரோடு உண்டா?" என்று வாய்விட்டு அங்கலாய்த்தார். எட்மாஸ்டரின் மகன் நல்லமணி கல்லு வீட்டார் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நிழற்குடை வேண்டுமென்று மனுக் கொடுத்தார். நிழற்குடை கேட்டு மனு, பஸ் நிற்கக் கேட்டு மனு, கல்லுக்கு இரும்பு வேலி கேட்டு மனு. டாக்டர் கேட்டு ஒரு மனு கொடுக்கவில்லை, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ராக்கு ஒருத்திதான் கணக்காகப் பேசினாள். பதின்மூன்றாவது ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, "அண்ணே, ரோடு இப்ப அம்பத்தெட்டு. பழைய நாப்பத்தாறா இருந்தா இந்த மனுசர் பொழச்சிருப்பாரு. முன்னாடி செத்தவுக பின்னாடி வர்றவுகளைக் கொல்லுறாக" என்றாள்.

"அப்படிச் சொல்லாத தாயி."

"நான் சொல்லாட்டி ரோடு சுருங்கிருமா?"

வண்டி அப்போது அடைக்கலத்தின் வேம்புக்குள் வந்துவிட்டது. சுக்கு வாசம் வந்ததும் சவரிமுத்துவின் முகம் மாறுவதைப் பார்த்து ராக்கு பேச்சை விட்டுவிட்டாள்.

புரட்டாசிக் கடைசியில், யாரும் கேட்காமலே, இரண்டு டாக்டர்கள் வந்து இறங்கினார்கள். அறுவைக்கு டாக்டர் தில்லைநாயகி, ஐம்பதை ஒட்டின வயது, பேச்சில் சுருக்கம். மயக்கத்துக்கு ஒரு ஒல்லி இளைஞர், எந்நேரமும் தூக்கக் கண்ணோடு இருப்பார், ஆளை மயக்குகிறவர் முதலில் தன்னையே மயக்கிக்கொள்வார் போல என்று ஊர் கேலி பேசியது. தியேட்டரைத் திறந்து, கழுவி, மருந்து புகைத்து, வந்த மூன்றாம் நாளே ஒரு லாரி கிளீனருக்கு வயிற்றைக் கிழித்துத் தைத்தார்கள். எந்த ஊரோ என்ன பெயரோ, ரோட்டில் போன பயல். பிழைத்துக்கொண்டு ஐந்தாம் நாள் இட்லி கேட்டான்.

அந்த ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை ஜொகரா பீவி ஊதுவத்தியோடு பஸ்ஸில் போனாள். கண்டக்டர் பதினேழு என்றார், அடுத்துப் பதினெட்டு என்றார். இறங்கித் தேடினாள். பதினேழிலிருந்து பதினெட்டுக்கும் பதினெட்டிலிருந்து பதினேழுக்கும் மத்தியானம்வரை நடந்தாள். கல் இல்லை, கோடு இழுத்த ரோடு இல்லை, முன்னைப் போலவே முள் அடர்ந்து கிடந்தது. ஊருக்கு வந்து, "எங்க வீட்டு மனுசரை எடுத்துட்டாக" என்று நடுத்தெருவில் உட்கார்ந்தாள். "தைச்ச எடமே தெரியலையே, அவரு தைச்ச மாதிரியே தைச்சு வச்சிருக்காகளே" என்று அவள் அழுதது ஆஸ்பத்திரிவரை கேட்டது.

ஊருக்கு விளங்கிவிட்டது. இங்கே ஒரு ஆபரேஷன் ஆகி ஆள் பிழைத்தால் அங்கே ஒரு கிலோமீட்டர் போய்விடும். முதலில் செத்தவர் முதலில் போவார். அப்படியானால் அடுத்தது யார் என்று டீக்கடையில் யாரோ கேட்டார்கள், எல்லாரும் சவரிமுத்துவைப் பார்த்தார்கள். அவன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நல்லமணி மைக்கைப் பிடித்து, "ஊர் பேர் தெரியாத ஒரு பயலுக்காக நம்ம காதர் பாய் போயிட்டாரு. நாளைக்கு எங்கய்யா போவாரு, நாளன்னைக்கு ஒங்க ஆத்தா போவாக. செத்தவுகளை ரெண்டாந்தடவை சாகக் குடுக்கணுமா?" என்றார். மண்டபம் பொலபொலவென்று அழுதது. அழுகிற கூட்டத்தில் யார் யோசிப்பார்கள்? தியேட்டர் வேண்டாம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். கைகள் உயர்ந்தன. டாக்டர் தில்லைநாயகி மேடைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்து யாருக்கு வலிக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

சவரிமுத்து மூன்றாவது வரிசையில் இருந்தான். கை தூக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு தூக்கினான். அவனுக்குத் தெரியாதா? வண்டிக்குள் பதினேழு பேர் சாகக் கண்டவன் அவன். தெரிந்தேதான் தூக்கினான். அடுத்த ஆள் பிழைத்தால் அடைக்கலம் போய்விடுவாள், நாலு மணி வெயில் போய்விடும், சுக்கு வாசம் போய்விடும், கேட்டுக்கொண்டே இருக்கிற கேள்வியை அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது? மண்டபத்தில் கை தூக்காதவள் ராக்கு ஒருத்தி. ஊரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மேலிடம் என்ன செய்யும், இரண்டு டாக்டர்களையும் பெரியாஸ்பத்திரிக்கே வரச்சொல்லி உத்தரவு போட்டது. நவம்பர் இரண்டாம் தேதி காலை பஸ்ஸில் அவர்கள் பெட்டியோடு ஏறிப் போனார்கள். வழியனுப்ப யாரும் போகவில்லை.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். மற்ற ஊர்க்காரர்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள், வெள்ளியனேந்தல்காரர்கள் ரோட்டுக்குப் போனார்கள். காலையிலிருந்தே பஸ்ஸில் மெழுகுவர்த்தியும் செவ்வந்திப்பூவுமாகக் கூட்டம். சவரிமுத்துவும் வேட்டி கட்டி, பெரிய மெழுகுவர்த்தி ஒன்றைத் தாளில் சுற்றிவைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தான். பேறுகாலத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்த ஜெசிந்தா, அம்மா கல்லுக்குப் போட மாலை கட்டிக்கொண்டிருந்தாள். எட்டு மாதம். மாலையைக் கட்டி முடித்து எழுந்தவள், "அப்பா" என்றாள். அவள் நின்ற இடத்தில் ரத்தம் குட்டையாகக் கிடந்தது.

வண்டியில் ஏற்றினார்கள். ராக்கு வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், கல்லாக இருந்தது. முன்பக்க ஜன்னலைத் தட்டி, மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, நஞ்சுக்கொடி பிரிஞ்சிருச்சு. உள்ள ரத்தம் ஓடுது. அரை மணி நேரம்கூடத் தாங்காது. ரோடு அறுபத்திரெண்டு."

சவரிமுத்து மிதித்தான். அவன் தூக்கிய கை ஸ்டியரிங்கில் இருந்தது, அதைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு. கல்லெல்லாம் வெயிலில் வெள்ளையாக ஓடியது. எட்டு. ஒன்பது. அப்புறம் வேம்பு வந்தது, வண்டியைக் கயிறு கட்டிப் பின்னால் இழுத்தது போல முள் நூற்றிலிருந்து எழுபதுக்கும் ஐம்பதுக்கும் இறங்கி முப்பதில் வந்து நின்றது.

இத்தனை நாள் அவன் அந்த முப்பதுக்காகத்தான் இங்கே வந்துகொண்டிருந்தான். இன்றைக்கு இரண்டு காலையும் சேர்த்து மிதித்தான். முள் அசையவில்லை.

பின்னால் ஜெசிந்தா கண்ணைத் திறந்தாள். "அம்மா வாசம் வருதுப்பா" என்றாள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடைக்கலம்!" என்று கத்தினான் சவரிமுத்து. வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது, அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வேம்பைப் பார்த்துக் கத்தினான். "அன்னைக்கு ஒஞ்சொல்லைக் கேக்காதது என் தப்புத்தான்! நான் பாவி, என்னைக் கொல்லு! பிள்ளையைப் பிடிச்சு வைக்காதடி! ஒன் மகடி! விடுடி, விடும்மா, ஒங்காலைப் பிடிக்கேன்!" அழுகையில் ரோடு தெரியவில்லை. முண்டாசால் கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது எதிரே அடைக்கலத்தின் கல் தெரிந்தது. கல்லுக்குப் பக்கத்தில் காலை பஸ் நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பஸ் ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே போயிருக்க வேண்டியது. திருநாள் கூட்டம் ஏறி இறங்கி, கல்லுக்குக் கல் நின்று நின்று, அடைக்கலத்தின் முப்பதில் ஊர்ந்து, அவள் கல்லில் மெழுகுவர்த்தி வைக்கிறவர்கள் இறங்க, ஒரு ஜெபமும் ஒரு பாட்டும் முடியட்டும் என்று டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு நின்றிருந்தார். சவரிமுத்து பஸ்ஸைப் பார்த்தான். முன்னால் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் கிடந்தது. பின்னால் பத்தே பத்து. ஆனால் பின்னால் போனால் என்ன ஆகும் என்பது அவனுக்கு மட்டுமா, அங்கே மெழுகுவர்த்தி பிடித்து நின்ற எல்லாருக்கும் தெரியும்.

வண்டியை நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஏறினான். டாக்டர் தில்லைநாயகி டிரைவருக்குப் பின் சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் சாய்ந்து மயக்க டாக்டர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, எம்மக. எட்டு மாசம், நஞ்சுக்கொடி பிரிஞ்சிருச்சு." அப்புறம், அதைச் சொல்லாமல் கேட்கக் கூடாது என்று தோன்றி, "தியேட்டர் வேணாம்னு கையைத் தூக்குனவன்தான் நான்" என்றான்.

"தெரியும். மூணாவது வரிசை." அவர் அதற்குள் எழுந்திருந்தார். பக்கத்தில் தூங்கியவரைத் தட்டினார். "எந்திரிப்பா. கேஸ் இருக்கு." அந்த ஒல்லி டாக்டர் எழுந்த வேகத்தைப் பார்த்தவர்கள் அப்புறம் ஒரு நாளும் அவரைக் கேலி பேசவில்லை.

கீழே நின்ற கூட்டம் வழி விடவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் விலகவும் இல்லை. கையில் மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். நல்லமணி, "சவரி..." என்று ஆரம்பித்தார். அடுத்தது அடைக்கலம், அதற்கடுத்தது எங்கள் அய்யா என்று அவர் சொல்ல வந்தது எல்லாருக்கும் கேட்டது. பஸ்ஸின் பின்வாசலில் ஜொகரா பீவி நின்றாள். கல் போன பிறகும் தினம் அந்தப் பஸ்ஸில் ஏறிப் பதினேழில் இறங்கித் தேடுகிறவள் அவள். அவள்தான் இறங்கிவந்து கூட்டத்தைக் கையால் விலக்கினாள்.

"போ தம்பி, வண்டியைத் திருப்பு" என்றாள். "போறதுக்கு முன்ன ஒரு தடவை நல்லாத் திரும்பிப் பாத்துக்க. நான் பாக்காம விட்டுட்டேன்."

சவரிமுத்து பார்த்தான். நாலு மணி வெயில் கல்லின் மேல் விழுந்திருந்தது. அவனே மூன்று வருஷம் முன்னால் கோணல்மாணலாக எழுதிய பெயர். பக்கத்தில் அவன் தினமும் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமான இடம். வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த மெழுகுவர்த்தி நினைவு வந்தது. டாக்டர்கள் இருவரும் பின்னால் ஏறியாயிற்று, சிலுவை போட்டுக்கொண்டு அவனும் வண்டியில் ஏறினான்.

திருப்பி, மிதித்தான். முப்பதுதான் வரும் என்று நினைத்து மிதித்தான். முள் முப்பதைத் தொட்டது, கொஞ்சம் நடுங்கியது, தாண்டியது. நாற்பது, அறுபது, தொண்ணூறு. வேம்பு இரண்டு பக்கமும் பறந்தது. அந்தக் கிலோமீட்டரில் இதுவரை எவரும் அப்படிப் போனதில்லை. "மெல்லப் போங்க" என்று யாரும் சொல்லவில்லை.

தியேட்டருக்குள் கொசுப்புகை மிஷினை மறுபடி கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அதைத் தூக்கி வெளியே எறிய எத்தனை கை வந்தது தெரியுமா? கூட்டத்தில் தூக்கிய அதே கைகள். பஸ்ஸும் திரும்பி வந்துவிட்டது, டிரைவர் ரூட்டை மாற்றியதற்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ரத்தம் வேண்டும் என்றதும் கல்லு வீட்டார் வரிசையில் நின்றார்கள். கதவு மூடியது. சவரிமுத்து கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். அடைக்கலம் அன்றைக்கு இந்த வழியாகத்தான் நடந்து வந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கதவைக் கை ஊன்றித் தாண்டி. அவன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினொன்றரை மணிக்குக் குழந்தை அழுதது. பெண் குழந்தை, பூனைக்குட்டி அளவு. பன்னிரண்டேகாலுக்கு டாக்டர் வந்து, "மகளும் பொழைச்சா" என்றார். சவரிமுத்து கும்பிட்டான். கும்பிட்ட கையை இறக்காமலே, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தான். மூன்று வருஷமாக அவன் சட்டையிலிருந்து, எத்தனை தடவை துவைத்தாலும் போகாமல் வந்துகொண்டிருந்த சுக்கு வாசம் இல்லை. டெட்டால் வாசம்தான் அடித்தது. அப்போதுதான் அவன் வாய்விட்டு அழுதான். சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்து எல்லாரும் முதுகைத் தட்டினார்கள். ராக்கு மட்டும் தட்டவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் நல்லமணி வந்தார். கதவுக்கு மேலே பல்பு இல்லாத ஹோல்டரை அண்ணாந்து பார்த்தார்.

"அடுத்தது எங்கய்யாதான்."

"ஆமாப்பு."

"எப்ப?"

"அடுத்த ஆளுக்கு வயித்த வலிக்கும்போது" என்றான் சவரிமுத்து.

நல்லமணி தலையை ஆட்டிக்கொண்டே போனார். அரை மணி நேரம் கழித்து, கடையிலிருந்து ஒரு சிவப்பு பல்பை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். ஸ்டூல் போட்டு ஏறி, அவரே மாட்டினார். இரண்டு தடவை மரை ஏறவில்லை, யாரும் உதவிக்குப் போகவில்லை, அவரே மாட்டட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இந்தத் தடவை டாக்டர் கேட்டு மனு போனது, டாக்டர்கள் இங்கேயே இருந்தார்கள். அதன்பிறகு ரோடு சுருங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு ஆபரேஷன் அன்றைக்கும் அடுத்த முறைக்காரர் வீட்டார் முன்கூட்டியே தங்கள் கிலோமீட்டருக்குப் போய், பார்த்துவிட்டு, தொட்டுவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். புளியமரங்கள் போயின. கருப்பாயியின் தண்ணீர் போனது. சிலர் சிரித்த முகத்தோடு திரும்பினார்கள், சிலர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. கல்லு வீடு என்ற பேச்சு மெல்ல நின்றுபோனது. ரோடு இன்னும் முழுசாக நாற்பத்தாறுக்கு வரவில்லை.

தை மாதம் ஒரு நாள், அவசரம் ஒன்றும் இல்லை, ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்துவர சவரிமுத்துவும் ராக்குவும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். எட்டாம் கல் போனது, ஒன்பதாம் கல் போனது. அதற்கப்புறம் தார் ரோட்டின் குறுக்கே ஒரு மெல்லிய மேடு, விரலால் தடவினால்தான் தெரியும், தையல் போட்டு ஆறின தழும்பு போல. ஜொகரா பீவியின் மனுசர் போன இடத்தில் இது இல்லை, இங்கே இருந்தது. எண்பதில் வந்துகொண்டிருந்த சவரிமுத்து காலை எடுத்தான். வண்டி அறுபதுக்கும் நாற்பதுக்கும் இறங்கி, முப்பதில் நின்றது.

"என்னண்ணே, இழுக்கலையா?" என்றாள் ராக்கு.

"வண்டி நல்லா இழுக்குது தாயி."

"பிறகு ஏன் மெல்லப் போறீக?"

சவரிமுத்து மேட்டைப் பார்த்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினான்.

"அலுங்குமில்ல" என்றான்.